ரெண்டு வாரம் வரைக்கும் நார்மல்

“ரெண்டு வாரம் வரைக்கும் நார்மல்னு டாக்டரே சொல்லியிருக்கா. நீ எதுக்குடி இப்படிக் குதிக்கறே?” என்றான் அண்ணா.

“எத்தனை நாள்னு நான் கேக்கலையேடா. எவ்வளவு போறதுன்னு வந்து பாருன்னுதான் சொல்றேன்.”

“அதான் சொன்னேனே, ரெண்டு வாரம். மெதுவாப் பேசு, மாமிகள்லாம் இருக்கா.”

பாருங்கள், இதுதான் என் அண்ணா ஸ்ரீநாத். வேளச்சேரியில் ஐ.டி. கம்பெனி, கீழே ஒரு டீமே இருக்கிறது. எவ்வளவு என்று கேட்டால் எத்தனை நாள் என்று பதில் சொல்கிறான். கையில் சுண்டல் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு வேறு. நவராத்திரி வெள்ளிக்கிழமை, மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட், ஹால் முழுக்கப் பட்டுப்புடவை. ஒரு மாமி பாட, மற்றவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணாவின் மனைவி, என் மன்னி ஸஹானா, பாயில் உட்கார்ந்திருந்தாள், ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம். மன்னிக்குத் தி.நகரில் பேங்க் வேலை. இந்த முறை நாள் தள்ளிப் போனதும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி, இப்போது குழந்தை வேண்டாம் என்று முடிவு பண்ணினார்கள். அடையாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் நஸ்ருன்னிசா ஸ்கேன் பார்த்து, பேசி, கலைக்க ரெண்டு தவணையாக மாத்திரை கொடுத்தார். சட்டப்படி எல்லாம் சரி. மன்னி சம்மதம் ஒன்றே போதும், புருஷன் சம்மதம்கூடத் தேவையில்லை, மாமியார் சம்மதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்க முடியாது. மாதா மாதம் மன்னி தூரமாகும்போதெல்லாம் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. “இந்த மாசமும் உக்காந்துட்டியா?” என்பாள். பரீட்சையில் ஃபெயிலான பெண்ணிடம் பேசும் குரல். அம்மா ரிட்டயரான கணக்கு டீச்சர் வேறு, அந்தக் குரல் நன்றாகவே வரும்.

எங்கள் ஆத்தில் தூரம் என்றால் நிஜமாகவே தூரம்தான். கடைசி அறை, தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். மூன்று நாள் யாரும் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகமாட்டார்கள். சாப்பாடு வாசலில் வைக்கப்படும். நாலாம் நாள் தலைக்குக் குளித்தால் சமையலறைக்குள் வரலாம். நானும் மாதா மாதம் அந்த அறைக்குள் போகிறவள்தான். காலேஜில் என் ஃப்ரெண்ட்ஸிடம் சொன்னால், “டீ, அட்டாச்டு பாத்ரூமோட லீவாடீ?” என்று சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அறைக்குள் இருக்கும்போது மட்டும் வராது.

அண்ணாவும் மன்னியும் இதையே திட்டமாக்கினார்கள். ரெண்டாவது மாத்திரை போடுகிற அன்று அம்மாவிடம் ‘தூரம்’ என்று சொல்லிவிட வேண்டியது. வலித்தாலும் போனாலும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மயிலாப்பூரில் இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்குமா? தட்டு கொண்டுபோய் வைக்கிற வேலை என்னுடையது என்பதால் என்னிடம் மட்டும் சொன்னார்கள்.

திட்டம் நன்றாகவே நடந்தது. முதல் நாள் வலியில் மன்னி சுவரில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். நான் வெந்நீர்ப் பை கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் வலி குறைந்தது, போக்கும் குறைந்தது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தாள்.

போக்கு மட்டும் நிற்கவில்லை. அம்மா வைத்திருக்கும் நாலாம் நாள் கணக்கு கருப்பைக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் நிற்கும், மறுநாள் திட்டுத் திட்டாக வரும், அதற்கடுத்த நாள் காப்பிக் கலரில் வரும். இப்படித்தான் விட்டு விட்டு வரும், பயப்படாதே என்று டாக்டர் முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார். மன்னி நாப்கினை வைத்துக்கொண்டு, அம்மாவிடம் மூச்சு விடாமல் கொலுப்படி கட்டினாள், பொம்மைகளைத் துடைத்து அடுக்கினாள், கலசத்துக்கு மாவிலை வைத்தாள்.

“மன்னி, தோஷம் வராதா?” என்று கிண்டல் பண்ணினேன்.

“அம்பாளுக்குத் தெரியும்டி. அவளும் பொம்மனாட்டிதானே. நம்மாத்துல அவ ஒருத்திதான் இன்னும் மூஞ்சியைச் சுளிக்கலை.”

இதெல்லாம் சிரித்துக்கொண்டு பேசியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சுண்டலுக்குத் தாளிக்கும்போது திடீரென்று கொட்டியிருக்கிறது. புடவையில் பின்னால் கறை. அதை முதலில் பார்த்தது அம்மா.

“மறுபடியுமா? அன்னிக்குத்தானேடி குளிச்சே? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, மாமிகள் வர நேரத்துல! போ, போ, எதையும் தொடாதே, அப்படியே போ!”

மன்னி கரண்டியைக் கீழே வைக்கப் போனாள். “அதையும் கையோட எடுத்துண்டு போ” என்றாள் அம்மா. தாளிக்கிற கரண்டியோடு அந்த அறைக்குள் போன ஒரே ஆள் எங்கள் மன்னியாகத்தான் இருக்க வேண்டும்.

விளக்கேற்றின பிறகு நான் காப்பி கொண்டுபோனேன். மன்னி சுவரில் சாய்ந்திருந்தாள். கீழே துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தாள். துண்டின் நிறம் நீலம் என்பது ஓரத்தைப் பார்த்தால்தான் தெரிந்தது.

“ஹம்சா, கதவைச் சாத்து. ஒரு மணி நேரத்துல ரெண்டு நாப்கின் தாங்கலை. அதுக்கு முந்தின மணியும் இதே கதைதான். இப்ப அஞ்சாவது மாத்தப் போறேன்.”

“டாக்டர் என்ன சொன்னா மன்னி?”

“விட்டு விட்டு வந்தா பயமில்லைன்னா. ஆனா மணிக்கு ரெண்டு நாப்கின் முழுக்க நனைஞ்சு, ரெண்டு மணி நேரம் அப்படியே போனா, எத்தனாவது நாளா இருந்தாலும் உடனே வரணும்னா. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசாக் கட்டி போனாலும் வரணும். எனக்குப் போச்சு. ரெண்டு.”

“அண்ணாக்குத் தெரியுமா?”

மன்னி ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். ‘ரொம்பப் போறது, ஆஸ்பத்திரி போகணும்’ என்று இவள் அனுப்பியிருந்தாள். அதற்கு அவன் ஹாலிலிருந்து, பத்தடி தள்ளி நின்றுகொண்டு, ‘நார்மல்மா, டோன்ட் வொரி’ என்று எழுதி ஒரு கட்டை விரலும் போட்டிருந்தான்.

“டாக்டர் சொன்னப்போ அவனும்தானே இருந்தான்?”

“ரெண்டு வாரம்னு சொன்ன வரைக்கும் இருந்தான். அப்புறம் க்ளையன்ட் கால் வந்துடுத்து, வெளில போயிட்டான்.”

அப்போதுதான் நான் அண்ணாவிடம் ஓடினேன். அவன் என்ன சொன்னான் என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. சரி, இவன் ஆகமாட்டான் என்று அம்மாவிடம் போனேன். அம்மா சமையலறையில் வெற்றிலை பாக்கு பைகளில் மஞ்சள் கிழங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மன்னிக்கு ரொம்பப் போறது. மயக்கமா இருக்காம். அடையாறுக்குக் கூட்டிண்டு போறேன்.”

“இப்பவா? எப்படிப் போவா?”

“ஆட்டோல.”

“அதைக் கேக்கலைடி. ஆத்தை விட்டு எப்படி வெளில போவா? ஹால்ல கொலு வெச்சிருக்கு. கலசம் வெச்சிருக்கு. இத்தனை சுமங்கலிகள் உக்காந்துண்டிருக்கா. நடுவுல நடந்து போவாளா? எல்லாரும் கிளம்பட்டும். அரை மணி நேரம்.”

“அரை மணில ஏதாவது ஆயிட்டா?”

“எங்களுக்கெல்லாம் போகலையா? மூணு நாள் நாலு நாள் கொட்டும். பல்லைக் கடிச்சுண்டு ஸ்கூலுக்குப் போய் அல்ஜீப்ரா எடுத்திருக்கேன். இந்தக் காலத்துப் பொண்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி.”

அம்மாவுக்கு இது வழக்கமான தூரம் என்று நினைப்பு. நாங்கள்தானே அப்படிச் சொல்லியிருந்தோம்? ஆனால் எதுவாக இருந்தால் என்ன, மயக்கம் என்று சொன்ன பிறகும் ஒரு மனுஷி காத்திருக்க வேண்டுமா? அந்தக் காலத்து வீடுகளில் இதற்கென்றே கொல்லைப்புறக் கதவு இருந்ததாம். எங்கள் பில்டர் ஹால் வழியாக ஒரே கதவுதான் வைத்தான். கதவு போன பிறகும் விதி போகவில்லை. இப்போது ரெண்டுக்கும் நடுவில் மன்னி மாட்டிக்கொண்டாள்.

ஹாலில் அடுத்த பாட்டு ஆரம்பித்தது. சாருலதா மாமி பாடினால் எளிதில் முடிக்கமாட்டாள். நான் அறைக்குத் திரும்பி அம்மா சொன்னதைச் சொன்னேன். மன்னி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. உதடு வெளுத்து, மாவு பூசியதுபோல் இருந்தது. நான் டாக்டருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னால், “பேசிட்டு இருக்காதீங்க, வாங்க” என்று வைத்துவிட்டார். ஆட்டோ புக் பண்ணினேன். என் கறுப்புத் துப்பட்டாவை மன்னி இடுப்பில் சுற்றினேன்.

“வேண்டாம் ஹம்சா. அம்மா சொன்னாளே, அரை மணி...”

“நீ பாங்க்ல கஸ்டமரைக் காக்க வெப்பியே, அந்த மாதிரி இது காத்துக்காது மன்னி. நட.”

நடந்தோம்.

முதலில் பார்த்தது ஒரு குட்டிப் பெண். “மாமி ஏன் அழறா?” என்றாள். அவள் அம்மா பாவாடையைப் பிடித்து அவளைப் பின்னால் இழுத்தாள். பாட்டு நின்றது. சரசரவென்று ஒரு சத்தம், கேட்டிருக்கிறீர்களா, பத்துப் பதினைந்து பட்டுப்புடவைகள் ஒரே நேரத்தில் ஒதுங்கும் சத்தம்? எங்கள் மேல் படாமல் இருக்க எல்லோரும் முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டார்கள். எல்லோரும் மன்னிக்குத் தெரிந்தவர்கள். கல்யாணத்தில் அவளுக்கு நலங்கு வைத்தவர்கள்.

“ஐயோ, கலசம்!” என்றாள் சாருலதா மாமி.

ஒருத்தியாவது கையை நீட்டுவாள் என்று நினைத்தேன். யாரும் நீட்டவில்லை. கொலுவுக்கு முன்னால் வெள்ளை டைல்ஸில் ஒரு சொட்டு விழுந்தது. மன்னி அதைப் பார்த்தாள். குனிந்து துடைக்கப் போனாள்! நான் அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

“ஹம்சா!” என்றாள் அம்மா பின்னாலிருந்து. அவ்வளவுதான். கிளாஸில் பேசுகிற பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி.

அண்ணா லிஃப்ட் வரைக்கும் வந்தான். கையில் இன்னும் அந்தத் தட்டு. “நீங்க போங்கோ. நான் அம்மாவைச் சமாதானப்படுத்திட்டுப் பின்னாடியே வரேன்” என்றான். லிஃப்ட் கதவு மூடும்போது மன்னி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோக்காரர் பெயர் பீர் முஹம்மது என்று ஃபோனில் வந்திருந்தது. மன்னியைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

“இன்னாமா இது, ரத்தமா? சீட்டு போன வாரந்தாமா மாத்தினேன்.”

“சாரிங்க” என்றாள் மன்னி. அந்த நிலைமையில் சாரி!

“இரு, இரு.” பின்னாலிருந்து மழைக்குப் போடும் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து விரித்தார். “குந்துமா. சாரியெல்லாம் அப்பாலிக்கா சொல்லிக்கலாம். கம்பிய கெட்டியா புட்ச்சிக்க.”

கோயில் குளத்தைச் சுற்றி நவராத்திரிக் கூட்டம். பொம்மைக் கடை, பூக்கடை, நடுரோட்டில் நின்று செல்ஃபி. அவர் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே போனார். “யோவ் நைனா, ஒத்து! பேஷன்ட் கீது உள்ள! பொம்மய நாளிக்கு வந்து வாங்கிக்க!” மன்னி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, “பேஷன்ட் கீதாம்டி” என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

டாக்டர் நஸ்ருன்னிசா வாசலுக்கே வந்திருந்தார். என்னிடம் கேட்டது ரெண்டே கேள்வி: மணிக்கு எத்தனை நாப்கின், எவ்வளவு நேரமாக. ஸ்கேனில் கருப்பைக்குள் கொஞ்சம் மிச்சம் தங்கியிருந்தது தெரிந்தது. அதை உறிஞ்சி எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது நான் நகத்தைக் கடித்துத் தின்றே முடித்திருந்தேன்.

“மாத்திரை வேலை செய்யலையா டாக்டர்? இவ ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா?”

“யாரும் தப்புப் பண்ணல. கொஞ்ச பேருக்கு இப்படி மிச்சம் தங்கும். எடுத்தா சரியாயிடும். இனிமேலும் லேசா ரெண்டு வாரம் வரலாம், நிக்கலாம், திரும்ப வரலாம். அதுக்கெல்லாம் பயப்படக் கூடாது. அடுத்த பீரியட் வர ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகும். ஆனா இப்ப ஆன மாதிரி கொட்டினாலோ, ஜுரம் வந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ, அடிவயித்து வலி மாத்திரைக்கும் கேக்கலன்னாலோ உடனே வந்துடணும். மத்தியானமே வந்திருந்தா ரத்தம் ஏத்த வேண்டியிருந்திருக்காது. வீட்ல யாருமே இல்லையா?”

“எல்லாரும் இருந்தா டாக்டர். ஹால் நிறைய இருந்தா.”

டாக்டர் அதற்கு, “நீ ஏதாவது சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

பின்னாடியே வருகிறேன் என்ற அண்ணா ராத்திரி வரவில்லை. ஃபோனில் மூன்று தடவை ‘எப்படி இருக்கா?’ என்று கேட்டான். காலையில் நானே கூப்பிட்டேன், ஸ்பீக்கரில். பின்னால் மந்திரம் கேட்டது.

“என்னடா சத்தம்?”

“வாத்தியார் வந்திருக்கார். புண்யாகவாசனம். ஹாலுக்கெல்லாம் தீர்த்தம் தெளிக்கணுமோன்னோ, நான்தான் உக்காரணும்னு அம்மா சொல்லிட்டா. முடிஞ்ச உடனே கிளம்பிடறேன். ஸஹானாட்ட சொல்லாதே.”

ஸஹானா பக்கத்துப் படுக்கையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. “ஒரு சொட்டுக்கு வாத்தியார். மிச்சத்துக்கு நீ” என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வயிறு வலித்து, கண்ணில் தண்ணீர் வந்து, நர்ஸ் ஓடி வந்து திட்டும்வரைக்கும் சிரித்தாள்.

அண்ணா வந்தபோது நெற்றியில் இன்னும் விபூதி ஈரம். கையில் டிபன் கேரியர். அம்மா சீரக ரசம் வைத்து, சாதத்தைக் குழையப் பிசைந்து அனுப்பியிருந்தாள், மன்னிக்குப் பிடிக்கும் என்று சுட்ட அப்பளத்தோடு. அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெறும் கெட்டவளாக இருந்திருந்தால் சுலபமாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

“ஹார்மோன் ப்ராப்ளம்னு சொல்லியிருக்கேன்” என்றான் அண்ணா.

“உண்மையைச் சொல்லிடலாம் ஸ்ரீ” என்றாள் மன்னி. “கலைச்சோம்னு சொல்லிடு. நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே?”

“சொல்லலாம், சொல்லலாம். நவராத்திரி முடியட்டும்.”

மன்னி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

நாலாம் நாள், திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். கிளம்பும்போது டாக்டர் மன்னியின் கையைப் பிடித்து, “அதிகமாச்சுன்னா வீட்ல இருக்கறவங்ககிட்ட உடனே சொல்லணும், மறைக்கக் கூடாது” என்றார். மன்னி சமர்த்தாகத் தலையாட்டினாள்.

லிஃப்டிலிருந்து வெளியே வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். மன்னியின் கன்னத்தைத் தடவ ஆசை, கை பாதியில் நின்றுவிட்டது.

“நின்னுடுத்தாம்மா?”

சும்மா விசாரிப்பு இல்லை அது. இதற்கு என்ன பதிலோ அதைப் பொறுத்துத்தான் மன்னி எந்த அறைக்குப் போவாள் என்பது. கடைசி அறையில் விளக்கைப் போட்டு, பாயைத் தட்டிப் போட்டுத் தயாராக வைத்திருந்ததை நான் வாசலிலிருந்தே பார்த்துவிட்டேன். மன்னிக்கு நிற்கவில்லை. ஆட்டோவில்தான் சொன்னாள், லேசாக இருக்கிறது, டாக்டர் சொன்ன அளவுதான் என்று. அப்போது அண்ணா பக்கத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நின்னுடுத்தும்மா” என்றாள் மன்னி. “நேத்திக்கே சுத்தமா நின்னுடுத்து. தலைக்கும் குளிச்சாச்சு.”

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! “பாத்தியா, தீர்த்தம் தெளிச்சது வீண் போகலை” என்று மன்னியைக் கட்டிக்கொண்டாள். நிஜமாகவே அழுதாள்.

மன்னி நேராக ஹால் வழியாக நடந்தாள். அந்த டைல்ஸை மிதித்துக்கொண்டு போய், சமையலறைக்குள் நுழைந்து, டிகாக்‌ஷன் இறக்கிக் காப்பி கலந்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா குடித்தாள். “விளக்கை நீயே ஏத்தும்மா” என்றாள். மன்னி ஏற்றினாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, சத்தியமாக.

அப்புறம் சமையலறையில் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

“மன்னி, கலக்கிட்டே போ!”

“இனிமே அந்த ரூமுக்கு நான் போறதா இல்லை ஹம்சா. மாசா மாசம் இதே மாதிரி பதில்தான். வரவே இல்லைன்னு சொல்லுவேன். விசேஷமான்னு கேட்டா, ஹார்மோன்னு சொல்லுவேன். உங்கண்ணாவே கத்துக் குடுத்திருக்கானே.”

“சரி, இன்னிக்கோ நாளைக்கோ திரும்ப அதிகமாச்சுன்னா?”

டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“உன்கிட்ட சொல்றேன்.”

“நான் காலேஜ்ல இருந்தேன்னா?”

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறைக்காதே என்று டாக்டர் சொன்னார். இந்த வீட்டில் சொன்னால் பாய், தட்டு, சாத்தின கதவு. சொல்லாவிட்டால் காப்பி, விளக்கு, கட்டிக்கொள்ளும் அம்மா. யார்தான் சொல்வார்கள்? அண்ணாவைக் கேட்டால், “அதான் நின்னுடுத்துன்னு சொல்லிட்டாளே” என்கிறான். அவனே நம்பிவிட்டான்! நான் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் உடைத்துவிடலாமா என்றால், அது மன்னியின் விஷயம், என் வாயால் வரக்கூடாது. மன்னி ஜெயித்துவிட்டாள் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. அடுத்த நிமிஷம், பாத்ரூமில் அவள் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் நான் கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன்.

நீங்களே சொல்லுங்களேன், வாசலில் அவள் சொன்ன அந்தப் பொய் சரிதானா? அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?